பத்து மணிக்கு மேல் கூத்து ஆடக்கூடாதா? மனு எழுதுறோம், வந்து சொல்லுங்க

#1 முகவீணை மகள் (செய்யாறு)

எல்லாருக்கும் வணக்கம். எங்கப்பா முப்பத்தஞ்சு வருஷமா ஜமாவுல (கூத்துக் குழுவுல) முகவீணை, அதாவது சின்ன நாயனம் மாதிரி ஊதுற கருவி, வாசிக்கிறவர். இதை அவர்கிட்டக் கேட்டுக்கிட்டே எழுதுறேன்.

போன வைகாசியில ஒரு ஊர்ல திரௌபதி அம்மன் திருவிழா. பத்து நாள் பாரதம். பகல்ல பிரசங்கம், ராத்திரி கூத்து. ஏழாம் ராத்திரி மணி பத்தரை இருக்கும். களரி (ஆடற இடம்) கட்டியாச்சு, கட்டியங்காரன் (கதையை எடுத்துச் சொல்ற கோமாளி) வந்து பேசியாச்சு, திரைக்குப் பின்னாடி துரியோதனன் நிக்கிறார். அப்பத்தான் ஜீப் வந்தது. அனுமதிக் காகிதத்துல "இரவு 10 மணிக்குள் முடிக்க வேண்டும்"னு இருக்கு, ஊர்த் தலைவர் கையெழுத்தும் இருக்கு. மைக் செட்டை அணைச்சாங்க. மைக் இல்லாம ஆடறோம்னு ஜமாவை நடத்தற வாத்தியார் சொன்னார். மத்தளம் அடிச்சாலும் தப்புதான்னு சொல்லிட்டாங்க. ரெண்டு மணி நேரம் அரிதாரம் பூசி, கிரீடம் கட்டி, புஜக்கட்டை கட்டி நின்ன மனுஷன் திரையை விலக்காமலே எல்லாத்தையும் அவிழ்த்தார். அப்பா அன்னைக்கு வீட்டுக்கு வந்து யார்கிட்டயும் பேசல.

கூத்து ஆரம்பிக்கறதே பத்து மணிக்குத்தாங்க. காட்டு வேலை முடிச்சு, மாட்டைக் கட்டி, சாப்பிட்டு, பக்கத்து ஊர்ல இருந்தெல்லாம் நடந்து வரணும். விடியறதும் ஆட்டத்துல ஒரு பகுதி. துரியோதனன் சாகற படுகளத்தன்னைக்கு, ராத்திரி ஆடி முடிச்ச வேஷத்தோடயே காலையில மண்ணுல செஞ்ச துரியோதனன்கிட்டப் போவாங்க. திரௌபதி துகிலுரியற கதை ஆடற ராத்திரியில பொம்பளைங்க கற்பூரம் ஏத்திக் கும்பிடுவாங்க. அதை சாயங்காலம் ஆறு மணிக்கு ஆடச் சொன்னா அது வேற ஏதோ ஒண்ணு.

ரெண்டு மாசம் கழிச்சு, கலைஞர்களோட கருத்தைக் கேட்கறோம்னு ஒரு அலுவலகத்துல கூட்டம் போட்டாங்க. முந்தின நாள் சாயங்காலம் போன் வந்தது. காலை பதினொரு மணிக்குக் கூட்டம். அப்பா அன்னைக்கு விடியற வரைக்கும் வேற ஊர்ல வாசிச்சுட்டு நேரா பஸ் ஏறிப் போனார். மேடையில பேசினவங்க எல்லாம் அதிகாரிங்களும் விழா நடத்தறவங்களும். கலைஞர்களை வரவேற்புக்கு ஒரு பாட்டுப் பாடச் சொன்னாங்க. அப்புறம் வருகைப் பதிவுல கையெழுத்து. அப்பா எழுந்து பத்து மணி விஷயத்தைச் சொன்னதும், "மனுவா எழுதிக் குடுங்க பெரியவரே"ன்னு உட்கார வெச்சுட்டாங்க.

சரி, எழுதுறோம். எதைக் கேட்கணும், யார்கிட்டக் கேட்கணும், யார் யார் கையெழுத்துப் போடணும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

#2 வழக்குரைஞர் (சென்னை)

அப்பாவுக்கு என் வணக்கம். முதலில் சட்டம் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். இல்லாவிட்டால் மனு தவறான மேசைக்குப் போய்ச் சேரும்.

அந்தப் பத்து மணிக் கட்டுப்பாடு காவல் நிலையத்தில் பிறந்ததல்ல. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மத்திய அரசு கொண்டுவந்த 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளில் இருக்கிறது. இரவு என்றால் பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை. முதலில் தடை ஒலிபெருக்கிக்கு மட்டும்தான் இருந்தது. 2010-இல் செய்த திருத்தத்தில் இசைக்கருவிகளையும் சேர்த்தார்கள். மைக் இல்லாமல் ஆடுகிறோம் என்று வாத்தியார் சொன்னபோது மத்தளமும் கூடாது என்று அவர்கள் சொன்னதற்குக் காரணம் அதுதான்.

விதிவிலக்கு யாருக்கு என்று பாருங்கள். மூடிய அரங்கம், மாநாட்டுக் கூடம், சமுதாயக் கூடம், விருந்து மண்டபம். நான்கு சுவரும் கூரையும் உள்ள கலைக்கு இரவில் தடையில்லை. வானத்தின் கீழே ஆடுகிற கலைக்குத் தடை. யாரையும் ஒதுக்க வேண்டும் என்று நினைத்து எழுதியிருக்க மாட்டார்கள். எழுதியவர்களின் மனதில் கலை என்றால் அரங்கம் என்று இருந்திருக்கிறது, அவ்வளவுதான். அந்த அறையில் ஒரு கூத்துக்காரர் உட்கார்ந்திருந்தால் இந்த வரி இப்படி வந்திருக்காது.

மாநில அரசுக்கு ஒரு சிறிய கதவு உண்டு. பண்பாட்டு, சமய விழாக்களுக்கு நள்ளிரவு 12 வரை தளர்வு தரலாம். ஆண்டுக்கு மொத்தம் 15 நாளைத் தாண்டக்கூடாது, எந்தெந்த நாள் என்பதை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். ஆக, "விடிய விடிய அனுமதி தாருங்கள்" என்று மாநில அரசிடம் மட்டும் கேட்டால் அவர்களால் தர முடியாது. அந்த விதியைத் திருத்துங்கள் என்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு மாநில அரசு எழுத வேண்டும் என்பதே உங்கள் கோரிக்கையாக இருக்கட்டும்.

நம்பிக்கைக்கு ஒன்று சொல்கிறேன். தமிழ்நாடு நாடக நிகழ்ச்சிகள் சட்டம் 1954-இல் வந்தது. எம்.ஆர். ராதாவின் நாடகங்களை மனதில் வைத்துக் கொண்டுவந்தது என்பது ஊரறிந்த கதை. அதைக் காட்டி, பல ஆண்டுகள் நாடகப் பிரதியைக் காவல்துறையிடம் கொடுத்து ஒப்புதல் வாங்கச் சொன்னார்கள். கட்டியங்காரன் அன்றன்றைக்கு வாய்க்கு வந்ததைப் பேசுகிறவன், அவனுக்கு ஏது பிரதி? எழுத்தாளரும் பரீக்‌ஷா நாடகக் குழுவை நடத்தியவருமான ஞாநி உயர் நீதிமன்றம் போனார். 2013 ஜனவரியில் அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. வழக்குப் போட்டது பெரிய அமைப்பு எதுவும் இல்லை, ஒரு நாடகக்காரர்.

#3 இரவுப்பணி செவிலி

நான் எதிர்த்து எழுத வேண்டியிருக்கிறது, தங்கை கோபித்துக்கொள்ள வேண்டாம்.

எங்கள் சுகாதார நிலையத்துக்கு எதிரே கோயில் திடல். ஆடி மாதத்தில் அங்கே கட்டும் குழாய் ஒலிபெருக்கியில் பிரசவ வார்டின் கண்ணாடி அதிரும். தையல் போட்டுப் படுத்திருக்கும் பெண் மூன்று ராத்திரி தூங்காமல் அழுததைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். போன் செய்தால் "சாமி காரியம்" என்கிறார்கள். குடியிருப்புப் பகுதியில் இரவுக்கு 45 டெசிபல் என்று விதி இருப்பது அந்தப் பெண்ணுக்காகத்தான். பண்பாட்டின் பேரில் விதியை எடுத்துவிடுங்கள் என்றால், நாளைக்கு முதலில் வந்து நிற்பது கூத்தாக இருக்காது. டிஜேவும் சினிமாப் பாட்டும்தான் வரும்.

நானும் சிறு வயதில் ஆத்தா மடியில் படுத்துக் கூத்துப் பார்த்தவள். கர்ண மோட்சத்தில் அழுதவள். அதனால்தான் சொல்கிறேன், மனுவில் எங்களுக்கும் ஒரு வரி வேண்டும்.

#4 முகவீணை மகள்

அக்கா, கோபமே இல்லை. அப்பாவுக்குப் படிச்சுக் காட்டினேன். அவர் சொன்னதை அப்படியே போடறேன்: "அந்தம்மா சொல்றது நியாயம். நாங்க கத்துக்கிட்ட காலத்துல மைக்கே இல்ல. எட்டுக் கட்டையில பாடினாத்தான் கடைசி வரிசைக்குக் கேட்கும்னு தொண்டையைப் பழக்கினாங்க. குழாய் கட்டுறது மைக் செட்டுக்காரன், ஊருக்குப் பெருமை காட்ட. எங்களுக்கு வேண்டியது களரியைச் சுத்தி உட்கார்ந்திருக்கிறவங்களுக்குக் கேட்கணும், அவ்வளவுதான்."

அதனால மனுவுல நாங்களே எழுதிடறோம்: குழாய் ஒலிபெருக்கி வேண்டாம், களரியைப் பார்த்து வெச்ச ரெண்டு பெட்டி போதும், ஆஸ்பத்திரி பக்கத்துல இருந்தா இடத்தை மாத்திக்கறோம். விதியை எடுக்கச் சொல்லல. விடிய விடிய ஆடுற மரபு இருக்கிற கலைக்கு மட்டும் தனி விதி கேட்கறோம். டிஜேவுக்கு அந்த மரபு கிடையாது.

#5 கரகம் (திண்டுக்கல் பக்கம்)

அம்மா, உங்களுக்காவது ஜீப்பு வந்து நிறுத்தினா மரியாதையாப் பேசியிருப்பாங்க. நாங்க கரகாட்டக்காரிங்க. சேலைய எப்படிக் கட்டணும், பாவாடை எவ்வளவு நீளம், என்ன பாட்டுன்னு நிபந்தனை எழுதித் தருவாங்க. எழுதறது யாரு? ஒரு தடவையாவது எங்கள்ல ஒருத்தியக் கூப்பிட்டுக் கேட்டிருக்காங்களா? ஆபாசமா ஆடச் சொல்லி ரூபா நோட்டக் குத்த வர்றது கூட்டத்துல குடிச்சுட்டு நிக்கிறவன். கேஸ்ல பேரு வர்றது எங்களுக்கு. அனுமதி வாங்கின விழாக் கமிட்டிக்காரங்க காலையில ஊர்ல இருக்க மாட்டாங்க.

தலையில அடுக்குக் கரகத்த வெச்சுக்கிட்டு ஊசியக் கண்ணால எடுக்கறதுக்கு நான் ஏழு வருஷம் பழகினேன். அதைப் பார்க்க இப்ப யாரும் காசு குடுக்கறதில்ல.

எழுதறீங்கன்னா இதையும் எழுதுங்க: அனுமதிக் காகிதத்துல கலைஞரோட கையெழுத்துக்கும் ஒரு இடம் வேணும். எங்களுக்கு என்ன நிபந்தனைன்னு எங்களுக்கு முன்னாடியே தெரியணும். உடை மாத்த மறைவான இடம், கக்கூசு, பாதுகாப்பு, இது கமிட்டியோட பொறுப்புன்னு அதுலயே எழுதணும். 2007-ல நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு நல வாரியம் வந்தது. நல்ல காரியம், அட்டை நானும் வெச்சிருக்கேன். செத்தா உதவித்தொகை வரும். நான் உசுரோட ஆடற ராத்திரிக்கும் ஏதாவது வேணும்ல.

#6 வாவிக்கரை (மட்டக்களப்பு)

வாசித்துக்கொண்டு வந்தேன். எங்கட பக்கத்துக் கதை ஒன்று உங்களுக்கு உதவும் எண்டு நினைக்கிறேன்.

1960-களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் இலங்கைக் கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழுவில் இருந்துகொண்டு எங்கட வடமோடி, தென்மோடி எண்ட ரெண்டு வகைக் கூத்துகளையும் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுபோனார். விடிய விடிய ஆடினதை ஒண்டரை மணித்தியாலமாகச் சுருக்கினார்கள். சுத்திவர இருந்து பார்க்கிற வட்டக்களரி, முன்னால் இருந்து மட்டும் பார்க்கிற படச்சட்ட மேடையாக மாறியது. கர்ணன் போர், இராவணேசன் எல்லாம் அப்படி வந்தவைதான். அதனால்தான் படித்த ஆக்கள் கூத்தை மதிக்கத் தொடங்கினார்கள், அதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் கூத்துப் பழக்குகிற ஊர் அண்ணாவியார்மாரிடம் இதைச் சுருக்கலாமோ எண்டு யார் கேட்டது? நாளடைவில் சுருக்கினதுதான் "செம்மையான" கூத்து, ஊரில் ஆடுறது பழசு எண்டு ஒரு எண்ணம் வந்திட்டுது.

2000-களின் தொடக்கத்தில் சி. ஜெயசங்கரும் மூன்றாவது கண் குழுவும் சீலாமுனைக் கிராமத்தில் வேறு மாதிரித் தொடங்கினார்கள். கூத்து மீளுருவாக்கம் எண்டு பெயர். கூத்தை ஊரில் இருந்து வெளியே எடுக்கவில்லை. சட்டம் கொடுக்கிறது (ஆடுகிறவருக்கு அவரவர் பாத்திரத்தின் பாட்டு ஏட்டைக் கொடுக்கிறது), சதங்கை அணிகிறது, அரங்கேற்றம் எண்டு எல்லாம் அந்தந்த இடத்திலேயே நடக்கும். ஆனால் ஒவ்வொரு கட்டத்திலும் ஊரே இருந்து கதைக்கும். இந்தப் பாட்டில் பெண்ணை இப்படிச் சொல்லலாமோ, இந்தச் சாதியைக் கேலி செய்யிற இடத்தை வைத்திருக்கிறதோ மாத்திறதோ எண்டு அண்ணாவியாரும் சனமும் வாதாடித்தான் முடிவெடுப்பார்கள். மாத்த வேண்டியதை ஆடுகிற ஆக்களே மாத்தினார்கள்.

தங்கச்சி, உங்கட மனுவில் "கலைஞர்களைக் கலந்தாலோசிக்க வேண்டும்" எண்டு மட்டும் எழுதினால் திரும்பவும் வரவேற்புப் பாட்டுத்தான் பாடச் சொல்லுவினம். எந்தக் கட்டத்தில் கேட்கவேண்டும் எண்டு எழுதுங்கோ. வரைவு எழுதின பிறகோ, எழுத முன்னமோ?

#7 புரிசைக்குப் பக்கத்தூர்க்காரன்

மனுவில் "தெருக்கூத்து" என்றே போடுங்கள். புரிசை ஊரின் கூத்துக் குடும்பமான தம்பிரான்கள் உலகம் முழுக்கக் கொண்டுபோன பெயர் அது. 2025-இல் புரிசை கண்ணப்ப சம்பந்தனுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தபோதும் அந்தப் பெயரில்தான் கொடுத்தார்கள். பெயரைக் குழப்பினால் கோப்பில் இரண்டு கலையாகிவிடும்.

#8 கட்டை வேஷம் (காஞ்சிபுரம்)

அண்ணே, உங்கள் ஊர் மேல் எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் எங்களுக்கு அது கட்டைக்கூத்து. தெருக்கூத்து என்றால் சாமி ஊர்வலத்தோடு தெருவில் நகர்ந்துகொண்டே ஆடுவது, ராத்திரி முழுக்க ஓரிடத்தில் கட்டை (மர அணிகள்) கட்டி ஆடுவது வேறு என்று கூத்துக் கலைஞர் பெ. ராஜகோபால் வாத்தியார் வாதாடிக்கொண்டே வந்தார். 1990-இல் கட்டைக்கூத்துச் சங்கம் தொடங்கியபோது அந்தப் பெயரைக் கலைஞர்கள்தான் வைத்தார்கள். "தெரு" என்ற சொல்லை வைத்தே எங்களைத் தெருவில் நிற்க வைத்தவர்கள் நிறையப் பேர். 2002-இல் தொடங்கிய அவர்களுடைய குருகுலத்தில்தான் பெண்பிள்ளைகள் வேஷம் கட்டக் கற்றார்கள். அதற்கு முன்னால் எங்கள் பக்கத்தில் பெண் வேஷமும் ஆண்தான் கட்டினான். துறை சொல்லியா அது நடந்தது? சங்கம் செய்தது. இப்போது அந்தக் குருகுலம் இல்லை என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை.

#9 புரிசைக்குப் பக்கத்தூர்க்காரன்

தம்பி, "தெரு" என்பது இழிவு என்று எங்கள் ஊரில் யாரும் நினைத்ததில்லை. ஆனால் அந்தச் சொல்லால் நீ பட்டதை நான் படவில்லை, அதையும் ஒப்புக்கொள்கிறேன். இரண்டு பெயரையும் போடட்டும். எனக்கு ஆட்சேபணை இல்லை.

#10 பறைக்குரல் (வந்தவாசி)

எல்லாரும் "ஊர்", "ஊர்"னு எழுதறீங்க. நான் கொஞ்சம் நிறுத்திக் கேட்கறேன். எந்த ஊர்?

எங்க தாத்தா காலனி ஜமாவுல அர்ஜுனன் வேஷம் கட்டினவர். அவங்க ஜமா எங்க தெருவுல ஆடும். ஊர்த் திடல்ல ஆடக் கூப்பிட மாட்டாங்க. ஊர்த் திருவிழாவுக்குப் பறை அடிக்க மட்டும் ஆள் வரும். கூலி இல்ல, மரக்கால் நெல்லு. அப்பா காலத்துல பறையைக் கீழ வெச்சாங்க, சாவுக்கும் அடிக்க மாட்டோம்னு. அதுக்காக வாங்கின அடியெல்லாம் இங்க எழுத முடியாது. நான் திரும்ப எடுத்தது மேடைக்கு. கூலி பேசி, பேரு போட்டு. 2025-ல மதுரை வேலு ஆசானுக்குப் பறைக்காகப் பத்மஸ்ரீ கொடுத்தப்ப எங்க தெருவுல இனிப்புக் கொடுத்தோம்.

குடிமைச் சமூகம் கொள்கையில பங்கெடுக்கணும்னு பெரிய பெரிய இடத்துல பேசறாங்க. யுனெஸ்கோவோட 2003 உடன்படிக்கை, 2005 உடன்படிக்கை ரெண்டுலயும் இந்தியா சேர்ந்திருக்கு. முதலாவது மரபுக் கலையைக் காக்கறதுல அந்தச் சமூகமே பங்கெடுக்கணும்னு சொல்லுது, அடுத்தது குடிமைச் சமூகத்தோட பங்கு அடிப்படையானதுன்னு சொல்லுது. சந்தோஷம். ஆனா திருவிழாக் கமிட்டியும் குடிமைச் சமூகம்தான். அதுல எங்களுக்கு நாற்காலி இல்லாத ஊரு இன்னைக்கும் இருக்கு. நாளைக்கு அரசாங்கம் "சமூகத்தைக் கேட்டாச்சு"ன்னு கமிட்டித் தலைவரைக் கேட்டுட்டுப் போயிட்டா, எங்களைப் பொறுத்த வரைக்கும் எதுவும் மாறல.

தங்கச்சி, விடிய விடிய ஆட அனுமதி கேளுங்க, நானும் கையெழுத்துப் போடறேன். அதோட ஒண்ணு சேருங்க. தளர்வு வாங்குற விழாவுல அந்த ஊரோட எல்லாத் தெரு ஜமாவுக்கும் களரியில இடம் வேணும். கருத்துக் கேட்கற குழுவுல காலனி ஜமா, பொம்பளைங்க, திருநங்கைக் கலைஞர்கள் இருக்கணும். நர்த்தகி நடராஜ் அம்மாவை 2021-ல மாநில வளர்ச்சிக் கொள்கைக் குழுவுல உறுப்பினராப் போட்டாங்க. ஒரு திருநங்கைப் பரதக் கலைஞர் அந்த மேசையில உட்கார முடியுதுன்னா, மாவட்டத்துல முடியாதுன்னு யாரும் சொல்ல முடியாது.

#11 கடல் தாண்டியவன்

வேலை நிமித்தம் ஆறு ஆண்டுகள் சாவ் பாவ்லோவில் இருந்தேன். அங்கே கண்டதைச் சொல்கிறேன்.

பிரேசிலில் 2003-இல் ஜில்பெர்த்தோ ஜில் என்ற இசைக்கலைஞரைப் பண்பாட்டு அமைச்சராக்கினார்கள். ராணுவ ஆட்சிக் காலத்தில் நாடு கடந்து வாழ்ந்தவர். அடுத்த ஆண்டே "உயிருள்ள பண்பாடு" என்ற திட்டம் வந்தது. ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருந்த சேரிக் குழுக்கள், பழங்குடி ஊர்கள், கறுப்பின மக்களின் ஆட்டக் குழுக்கள் ஆகியவற்றைப் "பண்பாட்டுப் புள்ளிகள்" என்று ஏற்று, பணத்தை அவர்கள் கையில் கொடுத்தார்கள். 2014-இல் அது சட்டமானது. பதிவு செய்யாத குழுவையும் அந்தச் சட்டம் ஏற்கிறது. நம் ஜமாக்களில் எத்தனைக்குப் பதிவு எண் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

2019-இல் வந்த ஆட்சி பண்பாட்டு அமைச்சகத்தையே கலைத்தது. அடுத்த ஆண்டு கொரோனா. ஆனால் பதினைந்து ஆண்டாக ஒருவரையொருவர் அறிந்திருந்த குழுக்கள் சேர்ந்து நாடாளுமன்றத்தை நெருக்கின. கலைஞர்களுக்கு 300 கோடி ரெயால் அவசர உதவி தரும் சட்டம் 2020-இலேயே வந்தது. கொரோனாவில் இறந்த பாடலாசிரியர் ஆல்டிர் பிளாங்க் பெயரை அதற்கு வைத்தார்கள். 2023-இல் அமைச்சகமும் திரும்ப வந்தது.

சென்னை சங்கமம் 2007-இல் தொடங்கியபோது நான் மயிலாப்பூரில் தேவராட்டம் பார்த்துச் சிலிர்த்தவன். சில ஆண்டு நடந்தது, ஆட்சி மாறியதும் நின்றது, 2023-இல் மறுபடி வந்தது. நின்றிருந்த காலத்தில் அந்தக் கலைஞர்கள் என்ன செய்தார்கள் என்று நாம் யாரும் கேட்கவில்லை. விழாவைக் கேட்காதீர்கள். சட்டத்தில் ஒரு இடத்தைக் கேளுங்கள்.

#12 இரவுப்பணி செவிலி

குழாய் ஒலிபெருக்கி வேண்டாம் என்று கலைஞர்களே எழுதுவதாக இருந்தால் நானும் கையெழுத்திடுகிறேன். எங்கள் நிலையத்தில் இன்னும் இரண்டு பேர் போடுவார்கள். இன்னொன்று. தளர்வு தரும் ராத்திரிகளின் பட்டியலைப் பக்கத்து மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் ஒரு வாரம் முன்பே கொடுக்கச் சொல்லுங்கள். எந்த ராத்திரி என்று தெரிந்தால் வார்டில் படுக்கையை அந்தப் பக்கம் மாற்றிவிட முடியும்.

#13 முகவீணை மகள்

ரெண்டு நாளா இதையே படிச்சுக்கிட்டு இருந்தோம். நேத்து ராத்திரி வாத்தியார், அப்பா, மத்தளக்காரர், இன்னும் நாலு பேர் எங்க வீட்டுத் திண்ணையில உட்கார்ந்து மனுவைத் திரும்ப எழுதினாங்க. நான் எழுதின முதல் வரைவுல பாதியை அடிச்சுட்டாங்க.

வழக்குரைஞர் ஐயா சொன்னபடி கோரிக்கை ரெண்டாப் பிரிஞ்சிருக்கு. மாநில அரசு இப்பவே செய்யக்கூடியது: அந்த 15 நாளை அறிவிக்கறதுக்கு முன்னாடி ஜமாக்களைக் கேட்கணும். எங்க பக்கம் ஒவ்வொரு ஊருக்கும் பாரதம் ஒவ்வொரு தேதி, பங்குனியில இருந்து ஆடி வரைக்கும் ஓடும். சென்னையில இருந்துக்கிட்டு அதைக் குறிக்க முடியாது. மத்திய அரசுக்கு மாநிலம் எழுத வேண்டியது: மூடிய அரங்கத்துக்குக் கொடுத்த மாதிரி, குழாய் ஒலிபெருக்கி இல்லாம விடிய விடிய ஆடற மரபுக் கலைக்கும் விதியில இடம் வேணும். ஆஸ்பத்திரித் தகவல், ஒரு வார முன்னறிவிப்பு ரெண்டும் இருக்கு. கரகம் அக்கா சொன்ன கையெழுத்து இடமும், உடை மாத்துற இடமும் அப்படியே போட்டிருக்கு. பேரு, "தெருக்கூத்து, கட்டைக்கூத்து என்று கலைஞர்கள் அழைக்கும் கலை".

மட்டக்களப்பு அண்ணன் கேட்ட கேள்விக்கு அப்பாதான் பதில் சொன்னார். விதியோ நிபந்தனையோ எழுத உட்காரும் முதல் நாளே எங்களைக் கூப்பிடணும். பதினஞ்சு நாள் முன்னாடி சொல்லணும். ஐப்பசி கார்த்திகையில ஆட்டம் கம்மி, கூட்டத்தை அப்ப வைக்கணும், காலை பதினொரு மணிக்கு இல்ல, சாயங்காலம் நாலு மணிக்கு. பஸ் காசும் ஒரு நாள் கூலியும் தரணும். நாங்க சொன்னதுல எதை ஏத்துக்கிட்டாங்க, எதை ஏன் விட்டாங்கன்னு எழுத்துல பதில் வரணும். வரவேற்புப் பாட்டு யாரையும் பாடச் சொல்லக் கூடாதுன்னும் ஒரு வரி. அதை எடுத்துடலாமான்னு கேட்டேன், அப்பா வேண்டாம்னுட்டார்.

வந்தவாசி அண்ணே, உங்க வரியிலதான் திண்ணையில சண்டை வந்தது. ஒரு பெரியவர், "அதையெல்லாம் இதுல எதுக்குச் சேர்க்கறீங்க"ன்னு எழுந்து போயிட்டார். வாத்தியார் அப்புறம் ரொம்ப நேரம் பேசல. கடைசியில, "உங்க தாத்தாவோட அர்ஜுனன் தபசை நான் சின்னப் பையனா உங்க தெரு முனையில ஒளிஞ்சு நின்னு பார்த்திருக்கேன், தபசு மரத்துல அந்த மாதிரி ஏறினவன் இல்ல"ன்னு உங்களுக்குச் சொல்லச் சொன்னார். வரி இருக்கு. முதல் பக்கத்துலயே இருக்கு. அந்தப் பெரியவர் கையெழுத்து இல்லாமலே போகுது.

இதுவரைக்கும் பதினொரு ஜமா கையெழுத்து. ஞாயித்துக்கிழமை மத்தியானம் மூணு மணிக்கு எங்க ஊர் திரௌபதி அம்மன் கோயில் திடல்ல மறுபடி கூடறோம். வர முடிஞ்சவங்க வாங்க.

#14 பறைக்குரல்

படிச்சேன். ரெண்டு தடவை படிச்சேன்.

வாத்தியார்கிட்டச் சொல்லுங்க, தாத்தாவோட கிரீடம் எங்க வீட்டுப் பரண்ல இன்னும் இருக்கு, கண்ணாடியெல்லாம் உதிர்ந்துபோச்சு, கட்டை நல்லாருக்கு. ஞாயித்துக்கிழமை எடுத்துட்டு வரேன். எங்க தெருவுல இருந்து ஏழு பேர் வரோம். கோயில் திடலுக்கே வரோம்.